போயிட்டு வாங்கோ, மாமி

வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள் இருந்தன. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர்.

பாலர் பள்ளியிலிருந்து மகள் யாஷினியை அழைத்து வந்து, அவளுடைய சின்னக் காலணிகளைக் கழற்றித் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் தாரா அந்த மூன்றாவதைப் பார்த்தாள். பழுப்பு நிற ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. காஜாங்கில் அன்று இன்னும் மழை தொடங்கவில்லை. வானம்தான் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனால் செருப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி அதன் முனை கதவைப் பார்த்து இருந்தது. குனிந்தபோது கடல்வாடை அடித்தது. அதற்குள்ளேயே லேசாகத் தலைவலித் தைலத்தின் வாடை.

அது குணபூசணி மாமியின் செருப்பு. மாமி அப்பாவின் அக்கா. போன புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து மாமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் கிள்ளான் பக்கம் கடலில் சாம்பலைக் கரைத்தார்கள். நாளை எட்டாம் நாள் சடங்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒழுங்கு செய்யப் போனபோது இதே செருப்பைத் தாராதான் கறுப்புப் பையில் போட்டு, இரண்டு முடிச்சு இறுக்கிக் குப்பையில் எறிந்தாள்.

தம்பி கௌசிகன் எடுத்து வந்து வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்கு எதையும் எறிய மனம் வராது. ஆனால் கேட்டின் சாவி அவனிடம் இல்லையே? அந்தக் கேள்விக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. யாஷினியை உள்ளே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் மாமியின் நாள். ரயிலேறி வந்து கேட்டடியில் நிற்பாள். அழைப்பு மணி இருந்தும் அதைத் தொடமாட்டாள்; குடையின் கைப்பிடியால் பூட்டை மூன்று முறை தட்டுவாள். உள்ளே வந்தால் இரண்டு மணி நேரம் ஓயாமல் தமிழ்தான். ரயில்வே ஆபீசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள், ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தம்பி மகளுக்காக அதில் ஒரு சொல்லைக்கூடச் செலவழிக்கமாட்டாள். அப்படி ஒரு வீம்பு. பிள்ளைகள் முன்னுக்கு வரட்டும் என்று வீட்டில் தமிழையே நிறுத்திவைத்தவர் தாராவின் அப்பா கந்தப்பு. அவர் செத்த பிறகும் அக்கா அவரை மன்னிக்கவில்லை. தாரா எதிரே உட்கார்ந்து "ஓம், மாமி" என்று தலையாட்டுவாள். ஓம் என்றால் ஆமாம் என்பது தெரியும். எதற்கு ஆமாம் சொல்கிறோம் என்பது ஒருநாளும் தெரிந்ததில்லை.

புறப்படும்போது மட்டும் மாமி கேட்டடியில் நின்றுகொண்டு நகரமாட்டாள். தாரா அதைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது. போயிட்டு வாங்கோ, மாமி. தாராவுக்குத் தெரிந்த ஒரே முழுத் தமிழ் வாக்கியம் அதுதான். அதற்கு அர்த்தம் குட்பை என்றே அவள் முப்பது வருடமாக நம்பியிருந்தாள்.

அதனால்தான் போன புதன்கிழமை சவப்பெட்டியைத் தூக்கிய நேரத்தில், ஒரு தடவையாவது மாமியின் பாஷையில் பேசிவிட வேண்டும் என்ற துக்கத்தில், எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொன்னாள். போயிட்டு வாங்கோ, மாமி. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். மாமியின் பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். நல்லம்மாள் மளமளவென்று சொன்னதில் ஒன்றும் தாராவுக்குப் புரியவில்லை. உச்சரிப்பில் பிழை போலிருக்கிறது என்று வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழைக்குத் தூறல் எல்லாம் தெரியாது. ஒரே கொட்டுதான். தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் டிவி கேட்கவில்லை. பிறகு டிவியும் இல்லை, விளக்கும் இல்லை. யாஷினி ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்ணம் தீட்டினாள். ஐந்து வயதுக்கு அவள் தைரியசாலி. அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. தாரா சொல்லிக்கொடுக்க அவளிடம்தான் என்ன இருந்தது? கணவன் குகன் பினாங்கில் வேலையாக இருந்தான், வெள்ளிக்கிழமைதான் வருவான். வீட்டுக்குள் தைல வாடை கூடிக்கொண்டே போவதைத் தாரா கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்தாள்.

டக். டக். டக்.

பூட்டின் சத்தம். ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். கேட்டில் யாரும் இல்லை. பூட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"தாரா. பூட்டைத் திற, பிள்ளை. கால் விறைச்சுப் போச்சு."

அதே குரல். அதே செவ்வாய்க்கிழமை அதட்டல். என்ன சொல்கிறது என்று வழக்கம்போல அவளுக்குத் தெரியவில்லை. வருடக்கணக்கான பழக்கம் அவளைக் கேட்காமல் வாயைத் திறந்தது.

"ஓம், மாமி."

பூட்டு தரையில் விழுந்தது. கேட் திறந்தது.

தாரா யாஷினியின் பக்கத்தில் போய் மண்டியிட்டு, அவள் தோளை இறுகப் பற்றிக்கொண்டு கௌசிகனை அழைத்தாள். அவன் எடுத்த எடுப்பிலேயே, தானே அழைக்க இருந்ததாகச் சொன்னான். நல்லம்மாள் காலையில் போன் செய்து அரைகுறை ஆங்கிலத்தில் அழுதாளாம். சாவு வீட்டில் அந்த வார்த்தையை மட்டும் யாரும் சொல்லமாட்டார்களாம், வாய் தவறிக்கூட.

"தட்ஸ் நாட் குட்பை, அக்கா. கோ அண்ட் கம் பேக் லா. யூ டோல்ட் ஹெர் டு கம் பேக்."

அப்படியானால் போ என்று மட்டும் எப்படிச் சொல்வது, திரும்பி வராமல் போ என்று எப்படிச் சொல்வது என்று தாரா ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அவனும் அதே அப்பாவின் பிள்ளைதானே. நல்லம்மாளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இடி விழுந்தது. போன் செத்தது.

வாசலில் ஈரக் கால் ஓசை. சளக். சளக். நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில்.

"உள்ள வரட்டோ, பிள்ளை?"

இந்த முறை அவள் ஓம் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். யோசி, தாரா. கையில் இருப்பது ஒரே வாக்கியம். அதற்குள்தான் அந்தச் சொல் இருக்கிறது. ஒரு பாதி போவது, மறுபாதி வருவது. எது எது? தமிழில் எல்லாம் தலைகீழ் என்று அப்பா கேலி செய்வார். ஆங்கிலத்தில் முதலில் வருவது தமிழில் கடைசியில் நிற்கும் என்பார். கோ அண்ட் கம். அப்படியென்றால் முதல் பாதி வருவது. கடைசிப் பாதிதான் போவது.

எழுந்தாள். கதவுக்கு நேராகப் போய் நின்றாள். தன் மகளுக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக, தமிழில் உரக்கக் கத்தினாள்.

"வாங்கோ! வாங்கோ, மாமி! வாங்கோ!"

சளக் ஓசை இல்லை. குரல் இல்லை. மழை மட்டும்.

போய்விட்டது. தாரா கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதாள், சிரித்தாள். சரியான பாதியைத்தான் பிடித்திருக்கிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

யாஷினி நாற்காலியில் இருந்தாள். வண்ணப் பென்சில் கீழே கிடந்தது. தரையைத் தொடாத அந்தச் சின்னக் கால்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடல்வாடை. தைலம்.

"வந்திட்டன், பிள்ளை."

குழந்தையின் குரல்தான். யாஷினிக்கு முன்பல் விழுந்த இடத்தில் காற்று சீறுவதுகூட அப்படியே இருந்தது.

"கிழமைக்குக் கிழமை அலைய எனக்கு இனி ஏலாது. இவளுக்குள்ளயே இருந்திடட்டோ?"

கடைசியில் குரல் உயர்ந்து நின்றது. கேள்வி என்று மட்டும் தெரிந்தது. மகளின் கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன, இமைக்காமல். கோபப்படுத்தக் கூடாது. பிள்ளையின் உடம்பு. எதையாவது சொல்லி அமைதிப்படுத்த வேண்டும். தாராவிடம் இருந்த பதில் ஒன்றுதான்.

"ஓம்," என்றாள். "ஓம், மாமி."

டக். டக். டக்.

கதவில். வெளியிலிருந்து. தாழ்வாக, தாராவின் இடுப்பு உயரத்தில்.

"மம்மி?" மழைக்குள் விம்மல். "மம்மி, ஓப்பன் த டோர். ஐம் வெட்."

தாரா தாழ்ப்பாளுக்குப் பாய்ந்தாள். அதற்குள் சில்லென்ற ஒரு சின்னக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவ்வளவு பலம் அந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது? அது கதவைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னது. முதல் பாதி. மறுபாதி இல்லாமல்.

"போ."

தட்டல் நின்றது. விம்மல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது, பிறகு கேட்டடியில், பிறகு தெருவில்.

அந்தக் கை விட்டதும் தாரா கதவைத் திறந்தாள். கேட் மழையில் அகலத் திறந்து கிடந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள்தான் இருந்தன. அந்தச் சின்னக் காலணிகளைக் காணோம்.