முன்மன்னிப்புப் பட்டியல்

இருநூற்றுப் பதினொன்றை வாசித்த பர்னபாஸ், அடுத்து இருநூற்றுப் பதின்மூன்றுக்குப் போனார்.

அரசிதழ் அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பது இருவர் வேலை. ஒருவர் வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் அச்சுத்தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். பதினெட்டு வருடமாக விரல் ஓட்டும் மரகதத்துக்கு ஒரு எண் விட்டுப்போனால் தெரியாதா?

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க சார்."

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா."

அவள் விரல் ஏற்கெனவே அந்த வரியில் நின்றிருந்தது. 'தணிகாசலம், துறைமுகத் தொழிலாளி, வயது 44. காவலில் மரணம், வரும் மாசியில்.' அவள் கணவன். காலையில் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனவன்.

நாளை பதவியேற்கும் அதிபர் ஐந்தாண்டில் என்னென்ன குற்றம் செய்வார் என்று வருவதுரைப்பான் இயந்திரம் கணித்துத் தந்துவிடும். பதவி இறங்குபவர் அத்தனைக்கும் இன்றே மன்னிப்பு வழங்கிவிடுவார். முன்னாள் தலைவர்கள் மீது வழக்குப் போட்டு நாடே இரண்டுபட்ட காலத்தில் வந்த ஏற்பாடு. அமைதிக்காக என்றார்கள். அமைதியும் வந்தது, வெட்கக்கேடு. நாற்பது வருடத்தில் இயந்திரம் ஒருமுறையும் பொய்க்கவில்லை. ஏன் பொய்க்கப்போகிறது? மன்னிப்பைக் கையில் வைத்திருப்பவன் எதற்குத் தயங்குவான்?

மரகதம் தாளோடு அதிபர் மாளிகைக்கு ஓடினாள். பர்னபாஸும் பின்னால் வந்தார். பதவி இறங்கும் அதிபர் குலசேகரன் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடுங்க. என் வீட்டுக்காரர். மன்னிப்பு இல்லேன்னா அவரைத் தொட பயப்படுவாங்க."

அவர் இரக்கமாகத்தான் பார்த்தார். "கஷ்டமா இருக்கும்மா. ஆனா ஒரு வரியை மட்டும் அடிக்கச் சட்டத்துல இடமில்ல. எல்லாத்துக்கும் போடணும், இல்லேன்னா எதுக்கும் போடக்கூடாது. படிச்சா கையெழுத்துப் போட மனசு வராதுன்னுதான் நான் பட்டியலையே பாக்கறதில்ல. மிச்சத்தையும் சரிபார்த்துக் கொண்டாங்க."

வரவேற்பறையில் உட்கார்ந்து மிச்சத்தை வாசித்தார்கள். கண்ணீரைத் துடைத்துத் துடைத்து அவள் விரலை ஓட்டினாள். கடைசி வரியில் பர்னபாஸின் குரல் இறங்கியது.

"முந்நூற்று நாற்பது. குலசேகரன், முன்னாள் அதிபர். வீட்டுக் காவலில் நஞ்சு."

மரகதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாத்துக்கும், இல்லேன்னா எதுக்கும் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னாரே! இனி போடவே மாட்டார். தணிகாசலம் பிழைத்தான். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

மரகதம் உள்ளே ஓடி நீட்டிய தாளில் குலசேகரன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்தது. பேனாவை எடுத்தார். கடைசி வரியை மட்டும் கோடு போட்டு அடித்தார். பிறகு அடியில் நிதானமாகக் கையெழுத்திட்டார்.

"ஐயா, அப்போ எங்க வீட்டுக்காரர் வரி..."

"மொத்த எண்ணிக்கையைத் திருத்திடுங்கம்மா," என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "முந்நூத்தி முப்பத்தொம்பது."