செம்பட்டை வீட்டு மருமகள்

சீப்பின் பல்லில் சிக்கியிருந்த முடி செம்பட்டையாக இருந்தது. மாமியாருடையதாக இருக்கும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ரஞ்சிதா அதை விரலில் சுற்றி இழுத்தாள். உச்சந்தலையில் சுரீரென்றது. அந்த முடியின் மறுமுனை அவள் தலையில் இருந்தது.

பிரசவத்துக்கு அப்புறம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியபோது அவள் பயப்படவில்லை. எல்லாருக்கும் கொட்டும், திரும்ப முளைத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். முளைக்கவும் செய்தது. கைக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, நெற்றியோரம், காதுக்குப் பின்னால், வகிடு நெடுக என்று ஒவ்வொரு இடமாக விலக்கிப் பார்த்தாள். புதிதாக வந்தது அத்தனையும் செம்பட்டை. வெளியே மிளகுக்கொடி ஏறிய மரங்களிலிருந்து பனி சொட்டும் சத்தமும், அடுப்பங்கரையில் மாமியார் பாவாயி சாமை புடைக்கும் சத்தமும் விடிந்ததிலிருந்து ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. இப்போது முறத்தின் சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

மலையூர்கள் பல சேர்ந்த ஆலத்தூர் நாட்டில் அந்த வீட்டைச் செம்பட்டை ஊடு என்றால்தான் தெரியும். மாமனார், மாமியார், புருஷன் செந்தில்நாதன், அவன் அண்ணன் குடும்பம், எல்லாருக்கும் ஒரே துருநிறத் தலை. ஆத்தூரிலிருந்து அறிவியல் டீச்சராக மலைக்கு வேலைக்கு வந்து, செந்தில்நாதனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட ரஞ்சிதாவுக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடத்தையே மாமியாருக்கும் நடத்தினாள். செம்பட்டை கூச்சக்காரக் குணம் அத்தை, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் வெளியே தலைகாட்டும். ஒண்ணு மட்டும் வந்தா கறுப்பு அதை அமுக்கிடும். நீங்கெல்லாம் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிறீங்க, அதான் இப்படி. எங்க பக்கம் பரம்பரைக்கும் கறுப்பு. என் குழந்தை கறுப்பு முடியோடதான் வரும்.

"பாக்கலாம் கண்ணு," என்றாள் பாவாயி. அவ்வளவுதான்.

அவள் சொன்னபடியே பெண் பிறந்தது, மைபோன்ற தலையோடு. அந்த வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. நாட்டில் வேறெந்த வீட்டிலும் கிடையாது. குழந்தைக்கு மொட்டை போட்டு, திரும்ப முளைக்கிற முடியை மாமனார் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகுதான் பெயர். மாமனார் வெங்கடாசலம் பார்த்தார். மறுபடியும் கறுப்பு. எழுந்து போய்க் கையைக் கழுவினார். அன்றிலிருந்து குழந்தையை யாரும் தொடுவதில்லை. அதன் துணி தனிக்கொடியில் காய்ந்தது. எல்லாரும் அதை 'அது' என்றார்கள். ரஞ்சிதா மட்டும், யாருக்கும் கேட்காமல், தேன்மொழி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதா கைக்கண்ணாடியை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

"என் தலையில என்ன எண்ணெய் தேச்சீங்க அத்தை?"

"எல்லாரும் தேக்கற எண்ணெதான்."

பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது. எண்ணெய் வேலை செய்திருந்தால் பழைய முடியல்லவா வெளுத்திருக்க வேண்டும்? நுனியெல்லாம் கறுப்பாகவே இருக்கிறது. இது உள்ளே இருந்து வருகிறது.

பாவாயி முறத்தைக் கீழே வைத்தாள். "நானும் அசலூர்க்காரிதான் சாமி. பச்சமலையிலிருந்து வந்தேன். வாரப்போ எனக்கும் கரிக்கட்டையாட்டத் தலை."

ரஞ்சிதா மாமியாரின் துருநிறத் தலையைப் பார்த்தாள். சொந்தத்துக்குள் கட்டியவள் இல்லை இவள்.

"மூத்தது கறுப்பாப் பொறந்துச்சு. சோலையில கல்லு மேல வெச்சுட்டு வந்தேன். அப்பறம் பொறந்ததெல்லாம் நம்ம புள்ளைங்க."

"கொன்னுட்டீங்களா?"

"ஆரும் தொடல. நம்மூட்ல அத ஆரும் தொடக்கூடாது. பெத்தவளே கொண்டுட்டுப் போவா. நீயும் போவ."

"நான் செத்தாலும் வைக்க மாட்டேன்!"

பாவாயி சிரித்தாள். முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.

உள்ளே வந்து குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டபோது கோபத்துக்கு நடுவிலும் ஒரு தைரியம் வந்தது. யாரும் தொடமாட்டார்கள் என்றால், நான் வைக்காதவரை இவளுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கு அவ்வளவுதானே. ஆனால் அன்று மத்தியானம் குழந்தை வீறிட்டபோது, அரைத் தூக்கத்தில் ரஞ்சிதாவின் மனதில் ஒரு வாக்கியம் வந்தது. இந்தச் சனியன ஆரு கொண்டாந்து இங்க போட்டது? திடுக்கிட்டு எழுந்தாள். அது அவளுடைய பேச்சே இல்லை. மலைப் பேச்சு. மாமியாரின் இழுவை.

பயம் அப்போதுதான் சரியாகப் பிடித்தது. புருஷனின் ரேசரை எடுத்து, கண்ணாடி முன் உட்கார்ந்து, தலையை மழுங்கச் சிரைத்தாள். காதருகே இரண்டு இடத்தில் வெட்டி ரத்தம் வந்தது. குழந்தை அம்மாவின் மொட்டையைப் பார்த்துக் கெக்கலித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ரஞ்சிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செந்தில்நாதன் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"மலையை விட்டுக் கீழே பேளுக்குறிச்சிக்குப் போறேன். கலைச்செல்வி டீச்சர் வீட்டுக்கு. இனி வரமாட்டேன்."

அவன் நிமிரவில்லை. "போ. ஆரு உன்னப் புடிச்சா?"

யாரும் பிடிக்கவில்லை. யாரும் பின்னாலும் வரவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூடுபனி மட்டும்தான் வந்தது. சந்தை கூடுகிற சோளக்காட்டு ரோட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை சோலையை ஒட்டித்தான் போகும். அழுகின பலாப்பழ வாடை, ஈர இலை வாடை, எங்கோ கல்லில் தண்ணீர் விழும் சத்தம், அதற்குமேல் அவள் செருப்புச் சத்தம். சோலையைத் தாண்டினால் ரோடு. ரோட்டில் பஸ். பஸ்ஸில் ஏறிவிட்டால் போதும்.

தலை அரித்தது.

கையை விட்டுப் பார்த்தாள். மழுங்கச் சிரைத்த இடம் சொரசொரத்தது. நடந்தாள். மறுபடி தொட்டாள். முடி விரலுக்குள் அகப்பட்டது.

தேன்மொழி. சத்தமாகச் சொன்னாள். தேன்மொழி, என் தேன்மொழி. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

குழந்தை கனத்தது. இப்படியா கனக்கும்? கை கடுத்தது. கொஞ்சம் இறக்கி வைத்தால் என்ன.

வேண்டாம். வைக்கக் கூடாது. ஏன் வைக்கக் கூடாது? ஏதோ காரணம் இருந்தது. பெயர் சொன்னால் ஞாபகம் வரும். தேன். தேன்…

கீழே குனிந்து பார்த்தாள். கறுப்புத் தலை. ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. யார் முகம் இது?

கை கடுத்தது.

சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்கிற பொன்னம்மாள்தான் அவளை முதலில் பார்த்தாள். "ஏனுங் டீச்சர், இந்தப் பனியில வந்திருக்கீங்க? பாப்பாவ எங்கீங்க உட்டுட்டு வந்தீங்க?"

"எந்தப் பாப்பா?" என்றாள் ரஞ்சிதா.

பொன்னம்மாள் அவள் தலையைப் பார்த்தாள். முந்தானை நழுவியிருந்தது. பார்த்ததும் கடைச்சாக்கை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். பேளுக்குறிச்சி பஸ் வந்து, நின்று, போயிற்று. எதற்காக ரோட்டுக்கு வந்தோம் என்று ரஞ்சிதாவுக்கு விளங்கவில்லை. கை இரண்டும் லேசாக, சுகமாக இருந்தன. வீட்டில் கிழங்கு வேகவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

சோலைப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன அழுகை. பாதையிலிருந்தே தெரிந்தது, பாசி படிந்த கல், அதன்மேல் ஒரு பெண் குழந்தை. அவளைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தது.

"சீ, எவ பெத்துப் போட்டதோ," என்றாள் ரஞ்சிதா. முன்பின் தெரியாதவளிடம் எதற்கு இப்படிச் சிரிக்கிறது என்று அருவருப்பாக இருந்தது. மார்பு கட்டி வலித்தது. ரவிக்கை நனைந்து, பால் வயிற்றில் இறங்கி வழிந்துகொண்டிருந்தது. பனி ஈரம் என்று நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.