மூன்றாவது கை

பட்டாணிக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் சின்னவள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அந்தப் பட்டாணி இப்போது சிலையாகப் போகிறாள்!

ஊருக்காக உழைக்கும் பெண்களுக்குப் பூங்காவில் வெண்கலச் சிலைகள் வைக்கிறார்கள். அதில் பட்டாணியின் அம்மாவும் ஒருத்தி. பள்ளி வாசலில் பிள்ளைகளைக் கைப்பிடித்துச் சாலையைக் கடத்திவிடுவது அவள் வேலை. பிள்ளைகளுக்கு அவள் ‘ரோட்டு அத்தை.’

“அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு குழந்தை நிக்கணும். அது நீதான்” என்று சிற்பி அக்கா சொல்லிவிட்டார்.

பட்டாணி பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அன்று மாலை அம்மாவும் அவளும் சிற்பக்கூடத்துக்குப் போனார்கள். தன்னை அழைத்துப்போக அப்பா வரத் தாமதமானதால், பள்ளி வாசலில் காத்திருந்த ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒருவனும் கூட வந்தான்.

களிமண் அம்மா கைநீட்டி நின்றாள். பட்டாணியின் உருவத்தை இன்னும் தொடங்கவில்லை.

“எனக்கு இவ்வளவு பெரிய மூக்கா?” என்றாள் அம்மா.

“உள்ளதைத்தானே செய்ய முடியும்?” என்று சிரித்தார் அக்கா.

அதற்குள் வாண்டு மெல்லப் போய்க் களிமண் கையைப் பிடித்துக்கொண்டான்.

“தொடாதே! அது என் இடம்!” என்று கத்தினாள் பட்டாணி.

அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். “அப்போ நான் எந்தக் கையைப் பிடிக்கிறது?”

பட்டாணிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போனால் அம்மா முழுக்க அவளுக்குத்தான். இவனுக்கோ ஒரு சாலையின் அகலம்வரைதான்.

வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என்னைச் செய்ய வேண்டாம்.”

“ஏன், கோபமா?”

“நான் நின்னா இடம் அடைஞ்சுடும். கையைச் சும்மா விட்டுடுங்க. யார் வேணும்னாலும் பிடிச்சுக்கட்டும்.”

“ஊரெல்லாம் சொல்லி வெச்சியேடி!” என்றாள் அம்மா.

“சமாளிச்சுக்கறேம்மா.”

அம்மா அவளை அணைத்துக்கொண்டாள். “கடவுள் எனக்கு ரெண்டு கைதான் குடுத்தார். மூணாவது நீ குடுத்துட்டே.”

“அப்போ கையை இன்னும் கொஞ்சம் இறக்கணும்” என்றார் அக்கா. “டேய் வாண்டு, இப்படி வந்து நில்லு!”

திறப்பு விழாவில் தோழிகள் கேலி செய்தார்கள். “நீ எங்கடி? பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணுமா?”

சிலையின் முன்னால் பொடிசுகள் வரிசை கட்டி, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பட்டாணியும் கடைசியில் போய் நின்றாள்.

அவள் முறை வந்தபோது அந்த வெண்கலக் கை, அம்மாவின் கையைப் போலவே கதகதப்பாக இருந்தது.