இரண்டடி ஆழம்

காலை ஐந்தரை மணிக்குச் சமையலறை விளக்கைப் போடக் கை நீட்டியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஓவனின் விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரிய சத்தமில்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாயைத் திறந்தபடி தூங்குவதுபோல ஒரு மெல்லிய ஊதல். வேறு யாராக இருந்தாலும் ஃபிரிட்ஜ் சத்தம் என்று நினைத்திருப்பார்கள். அவள் கேக் செய்து விற்பவள். பதினோரு வருடப் பழக்கத்தில் ஓவன் விசிறிகளின் குணம் அவளுக்கு அத்துப்படி. ஓவன் சூடானால்தான் அது ஓடும். அணைத்த பிறகும், சுற்றியிருக்கும் மர அலமாரி கருகிவிடாமலிருக்க அரைமணி நேரம் ஓடி, சூட்டையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுத் தானாக நிற்கும். அவள் கடைசியாக ஓவனைப் போட்டது நேற்று மதியம்.

கண்ணாடிக் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு. சுடுகிற சூடில்லை. இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியில் கை வைத்தால் இருக்குமே, அந்த மாதிரி.

குமிழ் பூஜ்யத்தில் நின்றது. உள்ளே கம்பித்தட்டு மட்டும்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறி மெதுவாகி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

அந்த வீட்டுக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. இரண்டே அறை, காற்றோட்டம் போதாது, படுக்கையறைச் சுவர் சமையலறைச் சுவரோடு ஒட்டியது. ஆனாலும் பார்த்த அன்றே அவள் தலையாட்டிவிட்டதற்குக் காரணம், அலமாரிக்குள் இடுப்பு உயரத்தில் பதித்திருந்த அந்த ஓவன்தான். அதைக் குழந்தையைப்போலப் பார்த்துக்கொண்டாள். கைப்பிடியில் ஈரத்துண்டு தொங்கவிட மாட்டாள். அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிக்க மாட்டாள். சூடாக இருக்கும்போது கண்ணாடியில் ஈரத்துணி படவிட்டால் நொறுங்கிவிடும் என்று ஆறும்வரை காத்திருந்து, கதவோரத்து ரப்பரை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுப்பாள். கணவனுக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. அவன் திரும்பிவர இன்னும் மூன்று மாதம். வீட்டில் அவளும் ஆறு வயது மகளும்தான். குருவிபோல ஓரிடத்தில் நிற்காத மகளுக்குச் சிட்டு என்று பெயர் நிலைத்துவிட்டது.

"சிட்டு, காலையில எழுந்து ஓவனைத் தொட்டியா?"

"இல்லம்மா." சிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "தொட்டா கை வெந்துடும்னு நீதான தினம் சொல்ற."

குழந்தை பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். விடைக்கவில்லை. அன்றிரவு அவள் குழந்தைப் பூட்டைப் போட்டுவிட்டுப் படுத்தாள். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால்தான் இனி ஓவன் எதற்கும் அசையும். திரையில் சின்னச் சாவிப் படம் வந்தது.

மறுநாள் காலையிலும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சாவிப் படம் அப்படியே இருந்தது. கண்ணாடியில் நேற்றைவிடச் சூடு.

கணவன் பேசியபோது சொன்னாள். கடல் காற்றில் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது.

"நான் இல்லாத நேரத்துல அந்த ஓவன்கூட உனக்கு ஒரே பேச்சுவார்த்தைன்னு சொல்லு."

"விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அட, உள்ள ஏதாவது ரிலே ஸ்விட்ச் ஒட்டிக்கிட்டிருக்கும். சுவத்துல தனி ஸ்விட்ச் இருக்கும் பாரு, அதையே அணைச்சிடு. கரன்ட்டே இல்லைன்னா அது என்ன பண்ணிடப் போகுது?"

அணைத்தாள். ஸ்விட்சின் சிவப்பு விளக்கு செத்தது. ஓவனின் கடிகாரமும் செத்தது. அன்று பகல் முழுக்க அமைதி. அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரு விசிறிக்குப் போய் இப்படிப் பயந்தோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

நான்காம் நாள் மதியம் தெருவுக்கே மின்சாரம் நின்றது. கூடத்து விசிறி தள்ளாடி நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு அடங்கியது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, எங்கோ ஓடிய தண்ணீர் மோட்டார், எல்லாம் ஒரே நொடியில் வாயடைத்துப்போக, வெயில் மட்டும் ஜன்னலில் வெள்ளையாக நின்றது. அந்த அமைதியில், முட்டை அடித்துக்கொண்டிருந்த அவள் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றது.

ஊதல். மெல்ல, சீராக, ஓவன் பக்கமிருந்து.

அது விசிறி இல்லை. இத்தனை நாள் விசிறி என்று நினைத்தது விசிறியே இல்லை. விசிறிக்கு நடுவில் இடைவெளி கிடையாது. இதற்கு இருந்தது. ஒன்று. நிறுத்தம். ஒன்று. நிறுத்தம். ஒவ்வொரு முறையும் அலமாரியின் விளிம்பிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து அவள் வயிற்றில் பட்டது. சூடான தூசியின் மணமும் அதற்கடியில் இஸ்திரிப் பெட்டியில் முடி பட்டதுபோல ஒரு கருகலும் அந்தக் காற்றில் இருந்தன.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "புது ஓவன்மா அது. நீங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் மாட்டினேன். அந்த இடத்துல வெறும் பொந்துதான் இருந்துச்சு, அசிங்கமா இருக்கேன்னு அதை வெச்சு அடைச்சேன்." அவர் அதற்குமேல் பேசத் தயாராக இல்லை. தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனை நாளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. சிட்டுவைச் சுவர்ப்பக்கம் படுக்கவிடாமல் தன் மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடியே விழித்திருந்தாள். சுவர் ஜில்லென்று இருந்தது. அதுதான் புரியவில்லை. சமையலறையில் அவ்வளவு சூடு. ஒரு செங்கல் தாண்டினால் இங்கே ஜில்லென்று இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை.

"ஓவன் எல்லாம் மாமியார் மாதிரிம்மா. மூச்சுவிட இடம் கொடுக்கணும். இந்த ஆளுங்க இடைவெளியே விடாம இறுக்கி வெச்சுடறாங்க, அப்புறம் சூடாகுது சூடாகுதுன்னா?"

சிட்டு படுக்கையறையில் மதியத் தூக்கத்தில் இருந்தாள். மகள் விழித்துவிடாமலிருக்க அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எலக்ட்ரீஷியன் மின்சாரத்தைத் துண்டித்துப் பக்கவாட்டுத் திருகாணிகள் நான்கையும் கழற்றினார். இருவருமாகச் சேர்ந்து, பழைய போர்வையைத் தரையில் விரித்து, ஓவனை அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்து இறக்கினார்கள். பின்னால் இருந்த கம்பியையும் அவர் பிரித்தெடுத்தபின், போர்வையோடு அதைக் கூடத்துக்கு இழுத்துப்போனார்கள். நடுக்கூடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அவள் அதன் மேல் கை வைத்தாள். பின்பக்கம், பக்கவாட்டு, அடி.

சில்லென்று இருந்தது.

ஊதல் நிற்கவில்லை. அலமாரியில் இருந்த சதுரப் பொந்திலிருந்து வந்தது. இப்போது தடுக்க எதுவுமில்லாததால் இன்னும் தெளிவாக, இன்னும் நிதானமாக.

எலக்ட்ரீஷியனின் பேச்சு முதல்முறையாக நின்றது.

"அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"எங்க படுக்கையறை, அண்ணா. சுவர் ஜில்லுனு இருக்கு. நான் பார்த்தேன்."

"ஆழம் இரண்டடிதான் இருக்கணும்." டார்ச்சை அடித்தார். வெளிச்சம் உள்ளே போனது. எதன்மேலும் விழவில்லை. "ஏதோ பழைய புகைக்கூண்டு போல. அளந்துடலாம்."

பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துப் பொந்தின் தரையோடு ஒட்டி உள்ளே தள்ளினார். சர்ரென்று ஓடியது. "இரண்டு." ஓடியது. "நாலு. ஆறு." ஓடியது. அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "ஒன்பது... பன்னிரண்டு... என்னம்மா இது?" படுக்கையறையே பத்தடிதான். பதினாறாவது அடியில் டேப் முடிந்து, இறுக்கமாக நின்றது. அவர் அதைச் சுருட்டிக்கொள்ளப் பொத்தானை அழுத்தினார்.

திரும்பி வரவில்லை.

ஊதலும் நின்றிருந்தது.

பிறகு, மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்ப்பதுபோல, உள்ளேயிருந்து ஒரு சிறு இழுப்பு. இன்னொன்று. எலக்ட்ரீஷியனின் விரல்கள் விரிந்தன. அவர் கையிலிருந்த டேப்பின் கூடு மரத்தில் உரசிக்கொண்டே இருட்டுக்குள் போனது. அவசரமே இல்லாமல்.

அவர் பையை எடுக்கவில்லை. செருப்பை மாட்டவில்லை. பொந்தைப் பார்த்தபடியே வாசல்வரை பின்னோக்கி நடந்துபோய், "குழந்தையக் கூட்டிட்டு வெளிய போயிடும்மா, எதையும் எடுக்காத" என்று மட்டும் சொன்னார். படிக்கட்டில் அவர் ஓடுவது கேட்டது.

அவள் படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

படுக்கை காலி.

போர்வை ஒதுங்கிக் கிடந்தது. தலையணையில் சின்னக் குழி. "சிட்டு!" கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். குளியலறை. பால்கனி. அலமாரியைத் திறந்து துணிகளையெல்லாம் வாரி வெளியே போட்டாள். வாசலில் சிட்டுவின் செருப்பு, பக்கிள்கூடக் கழற்றாத அந்தக் குட்டிச் செருப்பு, வைத்த இடத்தில் இருந்தது. அதனால் வெளியே போயிருக்க முடியாது. போயிருக்கவே முடியாது. "சிட்டு! அம்மா கூப்பிடறேன்ல!" கணவனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது ஒரு பெண் குரல். மறுபடி போட்டாள். அப்பால். மறுபடி.

"அம்மா."

சமையலறையிலிருந்து.

அவள் ஓடினாள். ஓவன் கூடத்தில் இருந்தது. சமையலறையில் யாரும் இல்லை. பொந்துக்குக் கீழே சிட்டு ஏறி நின்று கை கழுவும் ஸ்டூல் இருந்தது. அது எப்போதும் அங்கே இருப்பதா? அவளுக்கு நினைவில்லை. எதுவுமே நினைவில்லை.

"அம்மா, சூடா இருக்கு."

உள்ளேயிருந்து. வெகு தூரத்திலிருந்து.

"சிட்டு! உள்ள எப்படிப் போன? ஏன் போன? வெளிய வா கண்ணு!"

"வர முடியல."

தலையைப் பொந்துக்குள் விட்டாள். காற்று முகத்தில் அறைந்தது. எத்தனை டிகிரி என்று அவள் தோல் கேட்காமலேயே கணக்குப் போட்டது. கேக்குக்கு வைக்கும் சூடு. ஆறு வயது உடம்பு எத்தனை நிமிடம் தாங்கும் என்று கணக்குப் போடவிடாமல் மனதை இழுத்துப் பிடித்தாள். ஈரத்துணி ஒன்றைக் கையில் சுற்றினாள். ஈரத்துணி சூட்டை இன்னும் வேகமாகக் கடத்தும் என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அதை உருவி எறிந்தாள். வெறுங்கையைத் தோள்வரை உள்ளே நீட்டினாள். முடி பொசுங்கியது. கன்னம் மரச்சட்டத்தில் அழுந்தியது.

"கையைக் கொடு! அம்மா கையைப் பிடி!"

ஒன்றுமில்லை. வெறும் சூடு. ஸ்டூலின் மேல் ஏறி இன்னும் உள்ளே சாய்ந்தாள். மணிக்கட்டில் கொப்புளம் எழும்புவது தெரிந்தது. கையை எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்?

"பிடிடா தங்கம். பிடி."

பிடித்தது.

சின்னக் கை. உலர்ந்த கை. சாலையைக் கடக்கும்போது பிடிப்பதுபோல அவள் கட்டைவிரலைச் சுற்றி ஐந்து விரல்களும் இறுகின. அவளிடமிருந்து வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இழுத்தாள். கனத்தது. குழந்தை எங்கேனும் மாட்டியிருக்க வேண்டும். காலை அலமாரியில் உதைத்துக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தாள். ஒரு அங்குலம் வந்தது. இன்னொரு அங்குலம்.

"அம்மா இருக்கேன். இதோ வந்துட்ட. இதோ."

"அம்மா?"

அது பின்னாலிருந்து வந்தது.

தலையைத் திருப்பினாள். திறந்திருந்த வாசலில் சிட்டு நின்றாள். வெறுங்கால். தூக்கத்தில் கலைந்த முடி. இரண்டு கையாலும் ஒரு பூனைக்குட்டியை அணைத்திருந்தாள்.

"மேல் வீட்டு ஆன்ட்டி பூனை காட்டறேன்னு கூப்பிட்டாங்க. நீ அந்த மாமாகூட வேலையா இருந்தியா, அதான் சொல்லல." சிட்டு ஓவனைப் பார்த்தாள். பொந்தைப் பார்த்தாள். "நீ யாரை இழுக்கற?"

அவள் விரல்களை விரித்தாள்.

உள்ளே இருந்த விரல்கள் விரியவில்லை.

உதறினாள். சுவரில் கால் வைத்துப் பின்னால் தள்ளினாள். ஸ்டூல் சரிந்தது. அவள் தரையில் விழ, பிடித்திருந்த கை அவளோடு வெளிச்சத்துக்கு வந்தது. சிட்டுவின் கைதான். அதே நகம். அதே மோதிர விரலில் அதே மச்சம்.

"கிட்ட வராத. சிட்டு, ஓடு. ஓடு!"

சிட்டு ஓடவில்லை. பூனைக்குட்டி அவள் கையிலிருந்து துள்ளிக் குதித்து ஓடியது.

"விடாதம்மா," என்றது பொந்து, சிட்டுவின் குரலில், கொஞ்சலாக.

இப்போது அவள் இழுக்கவில்லை. அது தானாகவே வந்துகொண்டிருந்தது. மணிக்கட்டு. அதற்குப் பின் ஒல்லியான, வெந்து சிவந்த கை. ஒரு சாண். இரண்டு சாண். ஒரு முழம். அலமாரியின் விளிம்பில் மடிந்து, தரையைத் தொட்டு, அவள் பக்கம் சுருண்டு, இன்னும் வந்துகொண்டிருந்தது. இரண்டு முழம். மூன்று முழம்.

முழங்கை இன்னும் வரவில்லை.