கொக்கி மாட்டுகிறவர்

ஆள் குடிவரும் நாளில் வீட்டுக்காரி செய்யவேண்டியதெல்லாம் தமயந்திக்கு மனப்பாடம். குழாய்களைத் திறந்து மூடிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சுவரில் ஈரம் பூத்த இடத்தை அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பின்னால் பேச்சு வராது. இந்த வருஷம் இதையே எத்தனை பேருக்குச் செய்தாயிற்று! மாடிப்படியைப் பார்த்ததுமே முழங்கால் வலித்தது.

நாயுடுபுரத்து மலைச்சரிவில் அந்த வீடு. கீழே தமயந்தி, வெளிப்படி ஏறினால் வாடகைக்கு விடும் மாடி. மத்தியானமே மேகம் இறங்கியிருந்தது. சாமான் வண்டி வந்து நின்றது சத்தத்தில்தான் தெரிந்தது.

"கேட்டுக்குக் கொக்கி மாட்டிரணும். அது ஒண்ணுதான் என் கண்டிஷன்," என்றாள் தமயந்தி. "இல்லாட்டி காட்டுமாடு உள்ள வந்துரும். வெள்ளனே கதவத் தொறந்தா மூஞ்சிக்கு நேரா நின்னு மூச்சு விடும்."

"அதுவும் வாடகை குடுத்துச்சுன்னா வச்சுக்கங்க ஆன்ட்டி," என்றான் ராஜமுருகன், மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டே. டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். பாதி நாள் வெளியூரில்தான் இருப்பான். அவன் மனைவி சுபஸ்ரீ, செண்பகனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "நீங்க முதல்ல மெத்தைய ஏத்துங்க," என்று அவன் முதுகில் தட்டினாள்.

புரோக்கர் முருகவேல் சிரிக்கவில்லை. தமயந்தியை ஓரமாகக் கூப்பிட்டான்.

"இதுதான்க்கா கடைசி. இவங்களும் காலி பண்ணிட்டாங்கன்னா இனி நான் ஆள் கூட்டியார மாட்டேன். ஊர்ல எம் பேரு கெட்டுக் கெடக்கு."

"நான் என்னப்பா பண்ணட்டும்? காரணம் சொல்லாமப் போறாங்க."

"சொல்லத்தான் செய்யிறாங்க. உங்ககிட்டச் சொல்லல."

தமயந்திக்கு வருமானம் அந்த மாடி ஒன்றுதான். வீட்டை விற்றுவிட்டு வா என்று திருப்பூரிலிருந்து மகன் ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குடும்பமே ஒரு அறையில் இருந்தது. இவர்களும் போனால் அந்த அறையின் மூலைதான் அவளுக்கு.

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் சுபஸ்ரீ கீழே இறங்கி வந்தாள். தமயந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, கேட்டுக்கு யாரு கொக்கி மாட்டுறது?"

"ஏம்மா, நீங்கதான்."

"நாங்க டெய்லி மறந்துடறோம். ஆனா பொழுது சாயுறப்ப கேட் தொறக்குது. கொக்கி விழுது. யாரோ படியேறி வர்றாங்க. பாதிப் படியில நின்னு கனைக்கிறாங்க. அப்புறம் குடைய உதறுற சத்தம்."

தமயந்தியின் கத்தி நின்றது. கொக்கிச் சத்தத்தை அவளும் தினமும் கேட்டிருந்தாள். மாடிக்காரர்கள்தான் வருகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"மழை இல்லாத அன்னிக்கும் உதறுறாங்க, ஆன்ட்டி. கதவத் தொறந்தா யாரும் இல்ல. தைல வாசனை மட்டும் வருது. வாசப்படி நனைஞ்சிருக்கு."

சுபஸ்ரீ குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவர் ட்ரிப் போயிட்டா என்னால தனியா இருக்க முடியல. இந்த மாசத்தோட..."

மீதியைத் தமயந்தி பலர் வாயில் கேட்டுவிட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா. நான் பாக்குறேன்."

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து மலைப்பூண்டைக் காயவைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். தமயந்தி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நிமிராமலே சொன்னாள்.

"வேற யாரு? நம்ம சேனாதிபதி சார்தான்."

தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் சேனாதிபதி. தனிக்கட்டை. தமயந்தியின் மாடியில் வெகுகாலம் இருந்தார். தினமும் தைலம் தேய்த்துக்கொண்டு குடையோடு கிளம்புவார். கேட்டருகே நின்று தமயந்தி, "போயிட்டு வாங்க சார்," என்பாள். பொழுது சாயத் திரும்பி, கொக்கியை மாட்டி, மாட்டியதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். பாதிப் படியில் நின்று கனைப்பார். ஒரு ஆணிகூட அவளைக் கேட்காமல் அடித்ததில்லை. போன கார்த்திகையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

"அவரு நல்ல மனுசன்க்கா. அவரு ஏன்..."

"அவரு நல்லவருதான். உன் வாயிதான் சரியில்ல. சாரை எடுத்துட்டுப் போறப்ப, கேட்டுக்கிட்ட நின்னு என்னடி சொன்ன?"

தமயந்தி தன் வீட்டுக் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

எழவு வீட்டுக்கு வந்தவர்களே சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போவார்கள். வருகிறேன் என்ற சொல் அங்கே ஆகாது. அது தெரியாதவளில்லை தமயந்தி. விடிய விடிய விழித்த அசதி. பாடை கேட்டைத் தாண்டும்போது வாய் தன் பழக்கத்துக்குச் சொல்லிவிட்டது.

போயிட்டு வாங்க சார்.

தூக்கிப் போனவர்கள் ஒரு நொடி நின்றது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"மரியாதை தெரிஞ்ச மனுசன்," என்றாள் பாப்பம்மாள். "வீட்டுக்காரி சொல்லத் தட்டுவாரா? போனாரு, வந்துட்டாரு."

"இப்ப என்னக்கா செய்ய?"

"வரச் சொன்ன வாயே போகச் சொல்லணும். போங்க, இனி வராதீங்க. அம்புட்டுத்தான். இரக்கப்பட்டு வேற எதையும் சேத்துராத."

மறுநாள் சுபஸ்ரீயைப் பாப்பம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாதிப் படியில் போய் உட்கார்ந்தாள் தமயந்தி. சரிவெல்லாம் மேகம். எங்கோ விறகுப் புகை வாசனை. குரைத்துக்கொண்டிருந்த நாய் நடுவில் நிறுத்தியது.

கேட் திறந்தது.

யாரும் இல்லை.

கொக்கி மெல்ல உயர்ந்து வளையத்தில் விழுந்தது. கேட் ஒரு தடவை ஆடி நின்றது.

காலடிகள் படியேறின. தைல வாசனை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

கனைப்பு.

"சார்," என்றாள்.

சொல் நாக்கு நுனியில் இருந்தது. 'போங்க.' அவ்வளவுதான். ஆனால் சண்டை போட்டுக் காலி செய்தவர்களைக்கூட அவள் அப்படி அனுப்பியதில்லை. அந்த ஒரு சொல் மட்டும் வெறுமையாக வாயிலிருந்து வர மறுத்தது.

"சார்... மாடில புதுசா ஆள் வந்துட்டாங்க. சின்னப் பொண்ணு, பயப்படுது. இவங்களும் போயிட்டா நான் வீட்ட வித்துட்டுத்தான் போகணும். நீங்க மாடியக் காலி பண்ணிருங்க சார். வேற எடம் பாத்துக்கங்க."

குடையை மடக்கும் சத்தம்.

"சரிங்கம்மா."

காற்றா, குரலா, தெரியவில்லை. காலடிகள் படி இறங்கின. தமயந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கேட் மறுபடி திறந்ததா என்று அவள் கவனிக்கவில்லை.

மாதம் முடிந்தது, சுபஸ்ரீ போகவில்லை. "இப்ப ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி," என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டை விற்பதாக இல்லை என்று தமயந்தி மகனிடம் சொல்லிவிட்டாள்.

"அவரப் போங்கன்னு சொன்னியா இல்லியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் பாப்பம்மாள்.

"சொன்னேன்க்கா."

"நேராவா?"

"சொன்னேன்னு சொல்றேன்ல."

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் தமயந்தி. மாடியில் சுபஸ்ரீ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவுவது கேட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கொக்கி விழுந்தது. காலடிகள் படி வரை வந்தன.

ஏறவில்லை.

தமயந்தியின் வீட்டுக் கதவு திறந்தது. மேகம் கொஞ்சம் உள்ளே வந்தது. சுவரோரம் குடை ஒன்று உதறப்பட்டது. சிமெண்டுத் தரையில் ஈரம் புள்ளி புள்ளியாக விழுந்தது. எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பற்றினாள்.

"எடம் பாத்துட்டேங்கம்மா."

உட்பக்கத் தாழ்ப்பாள் மெல்ல உயர்ந்து, வளையத்தில் விழுந்தது. சரியாக மாட்டியதா என்று பார்ப்பதுபோல, கதவு ஒரு தடவை ஆடி நின்றது.