மூன்று உருண்டைகளைக் காணோம்

லெஸ்யாவும் அவள் அண்ணன் டாராஸும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள்.

லெஸ்யா ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர். கோல்கீப்பரின் கவசப் பை அவளைவிடக் கனம். அதை டாராஸ் தூக்கி வேனில் வைப்பான். பதிலுக்கு, டாராஸ் செய்ய வேண்டிய ஒரு வேலையை லெஸ்யா செய்வாள். பூனைகளின் மண்தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை.

இதில் யார் ஏமாந்தார்கள் என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

வீட்டில் இரண்டு பூனைகள். மேப்பிள் ஆரஞ்சு நிறக் கடுவன். சாப்பாடு, தூக்கம் தவிர வேறு கவலை இல்லாதவன். பட்டன் சாம்பல் நிறப் பெட்டை. அவளுக்குக் கோபம்தான் முழுநேர வேலை.

பூனை சிறுநீர் கழித்த இடத்தில் அந்த மண் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். தினமும் மாலையில் அதைக் கரண்டியால் அள்ளிப் போட வேண்டும். அள்ளி அள்ளி லெஸ்யாவுக்கு எண்ணிக்கை அத்துப்படி. பள்ளிக்கூடக் கணக்கில் தப்பு வரலாம், இதில் வராது. ஒரு நாளைக்கு ஆறு உருண்டை, பூனைக்கு மூன்று.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றுதான் இருந்தன.

"ஆஹா, பாதி வேலை மிச்சம்!" என்று டாராஸ் எட்டிப் பார்த்தான். "அப்போ நாளைக்கு உன் பையில பாதியத்தான் தூக்குவேன்."

"சும்மா இருண்ணா. ரெண்டு பூனைல ஒண்ணு ஒண்ணுக்கே போகல."

"வேற எங்கயாவது போயிருக்கும். உன் ஷூவுக்குள்ள பாரு."

லெஸ்யா நிஜமாகவே ஷூவுக்குள் பார்த்தாள். சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், எல்லா இடமும் தடவிப் பார்த்தாள். எங்கும் ஈரம் இல்லை.

அப்போது மேப்பிள் தொட்டிக்கு வந்தான். உட்கார்ந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான். மண்ணில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தான்.

சமையலறையில் அப்பா போக்டன் கொழுக்கட்டை மாதிரியான பெரோகிகளை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மேப்பிளுக்கு என்னவோ பண்ணுது. அடிக்கடி போய் உக்கார்றான், ஒண்ணும் வரல."

"மலச்சிக்கலா இருக்கும்டா கண்ணு. போன மாசம் எனக்குக்கூட..."

"அப்பா! சாப்பிடற நேரம்!" என்று டாராஸ் அலறினான்.

லெஸ்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பூனைக்கும் ஒரே தொட்டி. அப்படியிருக்க, போகாதது மேப்பிள்தான் என்று எப்படி அடித்துச் சொல்வது? யோசித்தாள். ஒரு பெரிய தட்டில் புது மண்ணைக் கொட்டினாள். தண்ணீரும் சாப்பாடும் எடுத்துவந்தாள். துணி துவைக்கும் அறையில் மேப்பிளை மட்டும் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஐயோ, அது நான் வான்கோழி வாட்டுற தட்டு!" என்றார் அப்பா.

"கழுவித் தந்துடறேன்."

"கழுவினா மட்டும்?" என்றார் அப்பா பரிதாபமாக.

மறுநாள் காலை ஏழரைக்கு லெஸ்யா கதவைத் திறந்தாள். தட்டில் மண் போட்டது போட்டபடி இருந்தது. சாப்பாடும் அப்படியே. மேப்பிள் மூலையில் குறுகிக் கிடந்தான். வயிற்றைத் தொட்டதும் உறுமினான். பிறந்ததிலிருந்து அவன் அவளைப் பார்த்து உறுமியதே இல்லை. லெஸ்யாவுக்குப் பயம் வந்துவிட்டது.

வெளியே பனியில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. பதினோரு மணிக்குப் பக்கத்து ஊரில் இறுதி ஆட்டம். அணியில் இருப்பதே ஒரு கோல்கீப்பர்தான்.

"நான் வரல" என்றாள் லெஸ்யா. "மேப்பிள டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்."

"சாயங்காலம் வந்ததும் போவோம். பதினாலு பிள்ளைங்க உன்ன நம்பி இருக்காங்கடா" என்றார் அப்பா.

லெஸ்யா தட்டைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். "நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு சொட்டு இல்ல. நீங்க அவ்ளோ நேரம் அடக்குவீங்களா?"

அப்பா தட்டைப் பார்த்தார். பக்கத்து ஊருக்குப் போவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்துகிறவர் அவர். பூனைக்கூடையை எடுத்தார்.

டாக்டர் நோரா மேப்பிளின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சிரித்த முகம் மாறிவிட்டது.

"மூத்திரப் பாதை அடைச்சிருக்கு. கடுவன் பூனைங்களுக்கு இது வர்றதுண்டு. மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு பாருங்க. சாயங்காலம்வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா, பொழைக்க வைக்க முடியுமான்னு எனக்கே தெரியாது."

பிறகு லெஸ்யாவைப் பார்த்தார். "நல்லாக் கண்டுபிடிச்ச. ஆனா அடுத்த தடவை காலைவரைக்கும் காத்திருக்காத. அன்னிக்கே போன் பண்ணு."

மேப்பிளை உள்ளே தூக்கிப்போனார்கள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை லெஸ்யாவுக்குப் பொங்கிவந்தது. அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நேத்து நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார்.

மேப்பிள் திங்கள்வரை மருத்துவமனையில் இருந்தான். குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். இனி ஈரமான சாப்பாடுதான், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். டாராஸ் தானாகவே வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தான். அவற்றில் மூன்றை அவனே காலால் தட்டிக் கொட்டினான்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி. லெஸ்யாவுக்குப் போகவே தயக்கம். காரணத்தை அப்பா போனில் சொல்லியிருந்தார்; ஆனாலும் அவள் இல்லாமல் அணி ஒன்பது கோல் வாங்கித் தோற்றிருந்தது. உடை மாற்றும் அறைக்குள் தலை குனிந்தபடி நுழைந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒன்பது கோல் வாங்கினோம், தெரியுமில்ல?" என்றாள் அணித்தலைவி ப்ரூக்.

"தெரியும். மன்னிச்சிடுடி."

"அத விடு. உன் பூனை ஒண்ணுக்குப் போச்சா, இல்லையா?"

லெஸ்யா நிமிர்ந்தாள். "போச்சு. இன்னைக்குக் காலைல. இவ்ளோ பெரிய உருண்டை!"

முதலில் ப்ரூக்தான் தன் மட்டையைத் தரையில் தட்டினாள்; ஹாக்கியில் அதுதான் கைதட்டல். அடுத்த நொடி பதினாலு மட்டைகளும் தடதடவென்று தட்டின. கோல் போட்டவர்களுக்குக்கூட அந்த அறையில் அவ்வளவு பலமாகத் தட்டியதில்லை.