முதலில் பதில் சொன்ன நால்வர்

டிக். டிக். டிக். டிக். பிறகு, யாரோ மூச்சு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டு, இன்னொரு டிக்.

கீபோர்டின் மேல் அவள் விரல்கள் அப்படியே நின்றன. மேசைமேல் உறை கழற்றிக் கிடந்த பழைய போர்டில், அந்தக் கறுப்புச் சிப்புக்குள் இருப்பவை நான்கு கோர்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி மூளை மாதிரி. மின்சாரம் வந்ததும் முதல் கோர் விழித்துக்கொண்டு மற்ற மூன்றையும் கூப்பிடும். அவை பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல ஆஜர் சொல்லும். அதற்குப் பிறகுதான் கெர்னல், அதாவது கணினியின் அடித்தளத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற அந்த நிரல், தன் வேலையைத் தொடங்கும். எந்நேரமும் திரையை முறைத்துக்கொண்டிருக்க முடியாமல், ஆஜருக்கு ஒரு டிக் என்று சின்ன பஸ்ஸர் ஒன்றை அவளே போர்டில் பற்றவைத்திருந்தாள். நான்கு டிக் கேட்க வேண்டும். ஐந்து கேட்டது.

திரையில் எழுத்துகள் தடதடவென்று ஓடி, பாதியில் செத்து நின்றன.

பயம் எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். இந்தப் பழைய சிப் குடும்பத்தைக் கெர்னலில் பராமரிக்க உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள். யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ உட்கார்ந்து டைமர் பகுதியை 'அழகுபடுத்துவான்'. உடைவது இவளுடைய சிப்பாக இருக்கும். இன்னொருவன், சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களுக்கான விதியை மாற்றுவான். ஒரு வாரம் முழுக்க இவள் டிரைவர் டிரைவராகத் திறந்து ஒட்டுப்போட வேண்டும். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. போதாக்குறைக்கு, பழைய சிப்புகளை வெட்டித் தள்ளுவதிலேயே குறியாக இருக்கும் தலைமைப் பராமரிப்பாளர், எல்லாரும் முதுகுக்குப் பின்னால் 'கோடாலி' என்று அழைக்கும் அந்த மனிதர், பட்டவர்த்தனமாகவே எழுதிவிட்டார்: கெர்னலின் இந்த வெளியீட்டுக்குள் உங்கள் சிப் ஒழுங்காக எழுந்து நிற்காவிட்டால், மொத்தத்தையும் நீக்கிவிடுவோம். கல்யாணத்துக்கு முன்பிருந்து அவள் எழுதி எழுதிச் சேர்த்தது அத்தனையும் ஒரே வெட்டில் போய்விடும்.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்துச் சிப்பைப் பார்த்தாள். மின்கம்பியை மாற்றினாள். பஸ்ஸரைக் கழற்றி மாட்டினாள். சூடேறிய தூசியின் வாசனை அறையெங்கும் அடித்தது. ஒற்றை ஜன்னலுக்கு வெளியே பக்கத்துவீட்டுச் சுவர்மேல் மழை வழிந்துகொண்டிருந்தது. போர்டின் ஓரத்தில் மகள் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. 'இதுக்குள்ள நாலு பேரா? அப்ப நம்ம வீடு' என்று சொல்லி, கோணல்மாணலாக எழுதி ஒட்டியிருந்தாள் வாண்டு. 1 தாத்தா. 2 அப்பா. 3 அம்மா. 4 நான்.

மறுபடி பவர் போட்டாள். ஐந்து டிக். கடைசி டிக் மட்டும் மற்றவற்றைவிட மெதுவாக, தள்ளி இருக்கும் ஏதோ ஓர் அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

காரணத்தைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. கெர்னலில் கோர்களுக்கு நான்கு இடம் ஒதுக்கியிருந்தாள். ஐந்தாவது ஆள் வந்து இடமில்லாமல் அடுத்தவர் இடத்தை மிதித்ததால்தான் எல்லாம் சரிகிறது. சரி, இடத்தை ஐந்தாக்கிவிட்டால்? ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். போர்டு சமர்த்தாக எழுந்து நின்றது. அந்தத் திருத்தத்தை, அவர்கள் பாஷையில் பேட்ச்சை, கோடாலிக்கு அனுப்பிவிட்டு நெட்டி முறித்தாள்.

"சாப்பிட வாம்மா!" மாமனாரின் குரல். தினமும் தட்டு வைப்பது அவர் பொறுப்பு.

"இதோ வந்துட்டேன் மாமா."

அவளுடைய 'இதோ' எவ்வளவு நீளம் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்று உடனே போனாள். வதங்கிய வெங்காய வாசனை கூடத்தில் நிறைந்திருந்தது, விளக்கு மஞ்சளாக எரிந்தது, கணவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மேசையில் ஐந்து தட்டு.

"மாமா, யாராவது வர்றாங்களா?"

அவர் தட்டுகளைப் பார்த்தார். கை பாதியில் நின்றது. "இல்லையே. ஏதோ ஞாபகத்துல வெச்சிட்டேன் போல. வயசாகுதில்ல."

ஐந்தாவது தட்டுக்குப் பக்கத்தில் வாண்டு கவனமாக ஒரு ஸ்பூனை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி அது?"

"இன்னும் பேர் வைக்கலம்மா" என்றாள் வாண்டு, சர்வசாதாரணமாக.

கணவன் சிரித்தான். மாமனாரும் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் ஐந்தாவது கோர் என்னதான் செய்கிறது என்று பார்க்க உட்கார்ந்தாள். மற்ற நான்கும் வேலையில்லாமல் உறங்கிக்கொண்டிருந்தன. எந்த வேலையும் கொடுக்கப்படாத ஐந்தாவது மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எதையோ எழுதுகிறது என்று நினைத்தாள். இல்லை. படித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது கோர் தன் நினைவில் வைத்திருக்கிற ஒவ்வொன்றையும், ஒரு வரி விடாமல், அடிமுதல் நுனிவரை படித்துத் தன் பக்கம் நகல் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். நின்றது. தேநீர் போட எழுந்து போய்த் திரும்புவதற்குள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தது.

"சனியனே" என்றாள் போர்டைப் பார்த்து. கையால் ஓங்கி மேசையைத் தட்டினாள். கோப்பை சரிந்து கொதிக்கிற தேநீர் இடது மணிக்கட்டில் கொட்டி, தோல் சிவந்து கன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் அல்ல, இந்த வேலையை யாருக்காகச் செய்கிறோம் என்ற ஆற்றாமையால்.

மருந்து தேடி அறைக்கு வெளியே வந்தவளைப் பார்த்துக் கணவன் திடுக்கிட்டான்.

"நீ இப்பத்தானே கிச்சன்ல நின்னே?"

"நானா? ரூமை விட்டே இப்பத்தான் வர்றேன்."

"முதுகைக் காட்டிக்கிட்டு நின்னியே. கூப்பிட்டேன், ம்னு கூடச் சொன்னே." அவன் நெற்றியைச் சொறிந்தான். "என்னவோ போ."

அவள் சமையலறையை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அறையில் கணினி மணியடித்தது. கோடாலியின் பதில்.

'சிப்பில் நான்கு என்றால் நான்குதான். இல்லாத ஒன்றுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இது திருத்தமா, மூடிமறைப்பா? இன்று மாலைக்குள் சரியானது வராவிட்டால் நீக்கத் தொடங்குகிறேன்.'

அவமானத்தில் அவளுக்குக் காது சூடானது. மனிதர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல். ஐந்தாவது எங்கிருந்து வருகிறது என்று தோண்டித் துருவ ஒரு மாதம் வேண்டும்; அவளிடம் இருந்ததோ ஒரு சாயங்காலம். அடையாளம் பார்த்து ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சரிபார்க்கலாம் என்றால், அந்தப் பழைய சிப்பில் அதற்கு வசதி கிடையாது. கோர் தானே சொல்லும் எண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். கடைசியில், அலுத்துப்போன பராமரிப்பாளர் யாரும் செய்வதையே அவளும் செய்தாள். கணக்கைச் சரிக்கட்டினாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கூப்பிடு. முதலில் பதில் சொல்லும் நான்கை எடுத்துக்கொள். பிந்துகிற ஒன்று செத்துவிட்டதாகக் குறித்துக்கொள். அதற்குப் பிறகு அது என்ன கத்தினாலும் காதில் வாங்காதே.

பவர் போட்டாள். டிக். டிக். டிக். டிக். அதோடு நிசப்தம். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் இல்லை.

திரையில் வரிசை வந்தது. 1 வந்தது. 2 வந்தது. 5 வந்தது. 4 வந்தது. 3 பதில் இல்லை, நீக்கப்பட்டது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். ஸ்டிக்கரின் பக்கம் கண் போனது, வலுக்கட்டாயமாகத் திருப்பிக்கொண்டாள். எது போனால் என்ன, நான்கு நான்குதானே. கணக்குச் சரியாக இருக்கிறது. பேட்ச்சை அனுப்பினாள். சற்று நேரத்தில் கோடாலியிடமிருந்து ஒரே சொல் வந்தது: 'ஏற்கப்பட்டது.'

சிரிப்பு பொங்கியது. பாரம் இறங்கிய தோள்களோடு நாற்காலியில் சாய்ந்து, அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சிப் பிழைத்தது. இத்தனை வருஷ உழைப்பும் பிழைத்தது. வெளியே மழை விட்டிருந்தது. ஜன்னலில் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. போர்டின் சின்னப் பச்சை விளக்கு நிதானமாகச் சிமிட்டியது.

"சாப்பிட வாம்மா!"

கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கோடாலிக்கு எழுதிக்கொண்டிருந்த நன்றி மடலின் கடைசி வரி பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுச் சொல்லலாம்.

"இதோ வந்துட்டேன் மாமா."

விரல்கள் நின்றன.

அவள் சொல்லவில்லை. அவள் குரல்தான். அதே 'இதோ', அதே இழுப்பு. சமையலறைப் பக்கமிருந்து.

சுவருக்கு அப்பால் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. இன்னொன்று. இன்னொன்று.

நான்காவது.

அவள் எழுந்தாள். கால் மேசைக்காலில் இடித்தது. கதவைத் திறந்தாள்.

மஞ்சள் விளக்கு. வதங்கிய வெங்காய வாசனை. நான்கு தட்டு. மாமனார், கணவன், வாண்டு. அவர்களோடு, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. இவளுடைய சாம்பல் நிறச் சட்டை. இவளுடைய கொண்டை, அதில் இவளுடைய பென்சில்.

"என்னங்க" என்றாள்.

யாரும் திரும்பவில்லை.

"மாமா! இங்க பாருங்க. நான் இங்க இருக்கேன்!"

மாமனார் பரிமாறிக்கொண்டிருந்தார். கணவன் அந்த முதுகைப் பார்த்துக் கேட்டான், "என்ன, வேலை ஒருவழியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றது அவள் குரல். "ஏத்துக்கிட்டாங்க."

அவள் கத்தினாள். தொண்டை எரியக் கத்தினாள். அவள் எழுதிய விதி அவளுக்கே ஞாபகம் வந்தது.

வாண்டு மட்டும் தலையைத் தூக்கினாள். அவள் நிற்கும் வாசலை நேராகப் பார்த்தாள். இருட்டைப் பார்ப்பதுபோல. பிறகு ஸ்பூனை நீட்டி மேசையைச் சுற்றி எண்ணினாள்.

"தாத்தா. அப்பா. அம்மா. நான்."

சரியாக இருந்தது. சாப்பிடத் தொடங்கினாள்.

"ரூம்ல லைட் எரியுது பாரு" என்றான் கணவன். "உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல. நான் அணைச்சிட்டு வர்றேன்."

நாற்காலி நகர்ந்தது. அது எழுந்து திரும்பியது. அவள் முகம். கண்ணுக்குக் கீழே அவள் களைப்பு, உதட்டோரம் அவள் மச்சம். நடந்து வந்தது. அவசரமில்லாமல். அவள் அறைக்குள் பின்வாங்கினாள். முதுகில் மேசை இடித்தது.

வாசலில் வந்து நின்றது. அவளைப் பார்க்கக்கூட இல்லை.

ஸ்விட்சை நோக்கி இடது கை நீண்டது. மணிக்கட்டில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

காயம் இல்லை.

விளக்கு அணைந்தது.